மெஜிரோவின் பின்னிருக்கை

சுகயா தெய்ஸோவுக்குத் தொழிற்சாலையில் ‘கிராம் திருடன்’ என்று பெயர். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி இது எவ்வளவு கனம் என்பதுதான். ஒரு திருகாணியைக் கொடுத்தால் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதன் தலையைக் கொஞ்சம் சீவினால் என்ன கெட்டுப்போகும் என்பார். கல்யாணத்தன்று மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், அவள் தலையில் கட்டியிருந்த அலங்காரக் கொண்டை எத்தனை கிலோ இருக்கும் என்று பக்கத்தில் விசாரித்தார் என்று ஒரு கதை உலவியது. அது கதை இல்லை, நடந்ததுதான், அந்தப் பெண் நான்தான் என்று அவர் மனைவியே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனிதர் போர்க்காலத்தில் விமானங்களின் வால் சக்கரம் வரைந்தவர். போர் முடிந்ததும் நாட்டில் யாரும் விமானம் செய்யக் கூடாது என்று ஆகிவிட்டது. பிழைப்புத் தேடி ஹமாமட்சுவுக்கு வந்து, தோமோனோ தையல் இயந்திரத் தொழிற்சாலையில் மிதிபலகை வரைகிற வேலையில் சேர்ந்தார். ஆகாயத்தில் பறந்தவர் பெண்களின் பாதத்துக்குக் கீழே வந்துவிட்டார் என்று சகாக்கள் கேலி செய்தார்கள். அவர் கோபப்படவில்லை. அந்த மிதிபலகையிலும் கால் கிலோ குறைத்தார்.

அப்போதுதான் அரசாங்கம் சின்ன வண்டிகளுக்கு ஒரு புது வகுப்பை ஏற்படுத்தியிருந்தது. நீளம் மூன்று மீட்டருக்குள், எஞ்சின் முந்நூற்று அறுபது சிசிக்குள் இருந்தால் வரி குறைவு, வருஷா வருஷம் பரிசோதனைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், பதினாறு வயதுப் பிள்ளைகூட உரிமம் வாங்கலாம். முதலாளி தோமோனோ காகுயேமோன் இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, நம் தையல் மெஷினுக்கு நாலு சக்கரம் வைத்தால் ஓடுமா என்று சுகயாவிடம் வேடிக்கையாகக் கேட்டார். சுகயாவுக்கு வேடிக்கை என்பது எந்த ஜன்மத்திலும் புரிந்ததில்லை. மறுநாள் காலையில் படத்தோடு வந்து நின்றார்.

வண்டிக்கு மெஜிரோ என்று பெயர் வைத்தார்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குட்டிக் குருவிக்கு அந்தப் பெயர். வண்டியின் முகத்திலும் இரண்டு உருண்டை விளக்கு, அதைச் சுற்றிப் பளபளவென்று வளையம். வேறு பெயர் பொருந்தியிருக்காது. மூன்று மீட்டருக்குள் நாலு பெரியவர்களை உட்கார வைப்பது என்பது ஜாடிக்குள் யானைக் குட்டியை வளர்க்கிற வித்தை. சுகயா எஞ்சினைத் தூக்கிப் பின்னால் போட்டார். சக்கரத்தைச் சுழற்ற முன்னாலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டு தேவையில்லாமல் போயிற்று, தரை சமமாயிற்று, கால் வைக்க இடம் கிடைத்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது. ஒரு விசிறி காற்றை அடித்துக் குளிர வைக்கும். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும், நீலப் புகை விடும், சத்தம் பாப்கார்ன் பொரிகிற மாதிரி இருக்கும். பதினாறு குதிரைச் சக்தி. குதிரை என்று சொல்வது மரியாதைக்காக. கழுதை என்றால்தான் சரி.

தகரத்தில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் எல்லாம் இருந்தது. தட்டையான தகரம் தடிமனாக இருந்தால்தான் நிற்கும். முட்டை ஓடு போல வளைத்துவிட்டால் மெல்லிசாக இருந்தாலும் நிற்கும் என்பது விமானத்தில் கற்ற பாடம். அதனால் மெஜிரோவில் நேர்க்கோடே கிடையாது. கூரைக்குப் பிளாஸ்டிக், பின்கண்ணாடிக்கும் பிளாஸ்டிக். கதவுக் கண்ணாடியை இறக்கக் கைப்பிடி இல்லை, பக்கவாட்டில் தள்ள வேண்டியதுதான். இருக்கை என்பது குழாயில் கட்டிய கித்தான். சாம்பல் கிண்ணம் வைக்கலாமே என்று ஒருவன் சொன்னதற்கு, புகைபிடிக்கிறவன் ரயிலில் போகட்டும் என்று பதில் வந்தது.

ஓட்டுநரைக்கூட அவர் எடை பார்த்துத்தான் எடுத்தார். நத்சுயோ என்ற பெண் தொழிற்சாலையின் மூன்று சக்கர வண்டியில் மலைக் கிராமங்களுக்குத் தையல் மெஷின் கொண்டுபோய் இறக்குகிறவள். முப்பது வயது, கை உறுதி, வாய் அதைவிட உறுதி. சுகயா ஒரு நாள் அவளை நிறுத்தி, வணக்கம்கூடச் சொல்லாமல், நீ எத்தனை கிலோ என்று கேட்டார். அவள் உங்கள் வழுக்கை எத்தனை அங்குலம் என்று திருப்பிக் கேட்டாள். நாற்பத்து நாலு கிலோ என்று பிறகு தெரிந்தது, வேலை கிடைத்தது.

தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வண்டி வேலை மூன்றாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தபோது முதலாளி கெடு வைத்தார். இந்த இலையுதிர் காலத்தில் நகோயாவின் பெரிய விற்பனையாளர் இகராஷி வருகிறார். அவரும் நானும் சேர்ந்து நாலு பேராக மெஜிரோவில் ஏறி ஹியோதோரி கணவாயைத் தாண்டுவோம். உச்சி வரை நடுவில் ஓரிடத்திலும் நிற்கக் கூடாது. தாண்டினால் வசந்த காலத்தில் வண்டி கடைக்கு வரும். நின்றால் கொட்டகையில் மரப்பெட்டி அடுக்கிக்கொள்ளலாம், நீ உன் மிதிபலகைக்குத் திரும்பிப் போகலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுகயாவைப் பயமுறுத்தியது, ஏனென்றால் தோமோனோ சாந்தமாகச் சொன்னதை ஒரு நாளும் மாற்றியதில்லை.

அந்தக் கோடையில் கணவாயில் என்னென்னவோ நடந்தது. எஞ்சின் கொதித்தது, பிஸ்டன் இறுகியது, வில் முறிந்தது, ஒரு தடவை சக்கரம் ஒன்று இவர்களுக்கு முன்னால் தனியாகக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து கடைசியில் மூன்று தடவை நிற்காமல் ஏறிவிட்டார்கள். முன்னால் நத்சுயோ, பக்கத்தில் வெப்பமானியைக் கையில் பிடித்தபடி சுகயா, பின்னால் இரண்டு மணல் மூட்டைகள். கணக்குப் புத்தகத்தில் ஒரு ஆளுக்கு ஐம்பத்தைந்து கிலோ என்று இருந்தது. மூட்டைக்கும் அதே ஐம்பத்தைந்து. சுகயா நிம்மதியாகத் தூங்கப் போனார்.

அந்த நாளும் வந்தது. காலை நல்ல வெயில். முந்தின ராத்திரி முதலாளி விருந்தாளிக்கு விலாங்கு மீன் விருந்து வைத்திருந்தார், காலையிலும் அதே கடையிலிருந்து வரவழைத்திருந்தார். இகராஷி இரண்டு பெட்டி காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சுகயா அவரை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார். பார்த்ததும் அவருக்குள்ளே இருக்கிற தராசு தானாக ஆடி, எண்பத்தெட்டில் போய் நின்றது. தோமோனோ கல்லூரிக் காலத்தில் சுமோ மல்யுத்தம் பழகியவர். மல்யுத்தம் போய்விட்டது, உடம்பு மட்டும் போகவில்லை. தொண்ணூற்று நாலு.

அப்போதுகூட சுகயாவுக்கு ஆபத்து உறைக்கவில்லை. முதலாளி கதவைத் திறந்து, விருந்தாளியிடம் பின்னால் ஓட்டுநருக்கு நேர் பின்புறம் இருக்கும் இடத்தைக் கையால் காட்டியபோதுதான் உறைத்தது. ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பதுதான் மரியாதைக்குரிய இருக்கை. அதற்கு அடுத்த மரியாதை அதன் பக்கத்து இருக்கை. ஓட்டுநரின் பக்கத்து இடம் கடைசி. வழி கேட்க, கட்டணம் கொடுக்க, கதவு திறக்க வேண்டியவன் உட்காரும் இடம். இது ஊரில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விருந்தாளி பின்னால், முதலாளி பின்னால், சம்பளக்காரன் முன்னால். வேறு எப்படி உட்காருவார்கள்? மூன்று வருஷமாக எல்லாவற்றையும் யோசித்தவர் இதை மட்டும் யோசிக்கவில்லை. மணல் மூட்டைக்கு மேல் கீழ் கிடையாதே.

இரண்டே கதவு வண்டி. முன் இருக்கையை மடித்துவிட்டு, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, பிருஷ்டத்தைத் திருப்பி இறக்க வேண்டும். முதலில் நீங்கள், இல்லை நீங்கள் என்று இருவரும் வாசலில் கொஞ்ச நேரம் உபசாரம் செய்துகொண்டார்கள். பிறகு இகராஷி உள்ளே போனார். வண்டியின் பின்புறம் தாழ்ந்தது. தோமோனோ உள்ளே போனார்; முன்சக்கரங்கள் இரண்டும் சாமி பார்ப்பதுபோல் நிமிர்ந்தன. நூற்று எண்பத்திரண்டு கிலோவும் எஞ்சினும் பின்னால், இரண்டு நோஞ்சான்கள் முன்னால். நத்சுயோ ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டுச் சுகயாவை ஒரு பார்வை பார்த்தாள்.

ஐயா, நீங்கள் முன்னால் வந்து உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? விருந்தாளி எதிரில், முதலாளியைப் பார்த்து, நீங்கள் கடைசி இருக்கையில் உட்காருங்கள், ஏனென்றால் நீங்கள் கனம் என்பதா? பூனைக்கு யார் மணி கட்டுவது? ஒரு கிராமுக்காகத் தொழிற்சாலையில் இருக்கிற அத்தனை பேரோடும் சண்டை போட்டவர் தொண்ணூற்று நாலு கிலோவுக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. வசதியாக இருக்கிறதா ஐயா என்று மட்டும் கேட்டார். ரொம்ப வசதி என்றார் தோமோனோ. ரொம்ப ரொம்ப வசதி என்றார் இகராஷி.

சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மெஜிரோ பொரிந்துகொண்டு ஓடியது. பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள், ஒரு நாய் கொஞ்ச தூரம் முந்திக்கூடப் போனது. இகராஷி இந்த வண்டி பெண்களுக்குப் பிடிக்கும், டாக்டர்களுக்குப் பிடிக்கும் என்று வியாபாரம் பேசினார். சுகயாவுக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. அவர் கண் முழுக்க எதிரே வளர்ந்துகொண்டிருந்த மலை மேலேயே இருந்தது.

மலை ஏற்றம் ஆரம்பித்து முதல் கொண்டை ஊசி வளைவிலேயே விஷயம் வெளிப்பட்டது. நத்சுயோ ஸ்டியரிங்கைத் திருப்பினாள். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்ப யோசித்தது. நல்லவேளையாகச் சாலை அகலமாக இருந்தது. முன்பக்கம் பேச்சைக் கேட்கவில்லை என்று அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். சுகயா உடனே தன் உடம்பை முன்னால் தள்ளி, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, ஐம்பத்திரண்டு கிலோவையும் முன்சக்கரத்துக்குத் தானம் செய்தார். என்ன பார்க்கிறாய் என்று பின்னாலிருந்து முதலாளி கேட்டார். சாலையில் கல் இருக்கிறதா என்று பார்க்கிறேன் ஐயா என்றார் சுகயா.

இரண்டாவது வளைவு குறுகலானது. நத்சுயோ முழுக்கத் திருப்பியும் மெஜிரோ மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக ஓரக் கற்களைப் பார்த்துப் போனது. கற்களுக்கு அந்தப்பக்கம் தேவதாரு மரங்களின் உச்சி தெரிந்தது. மரத்தின் உச்சியைக் கண்ணுக்கு நேராகப் பார்ப்பது நல்லதில்லை. அந்த ஒரு நொடியில் சுகயாவுக்கு மூன்று வருஷமும் போச்சு, நாலு உயிரும் போச்சு என்று தோன்றியது. மனிதர் பின்னால் திரும்பி, இருக்கையில் மண்டியிட்டு, மன்னிக்க வேண்டும் என்று தலை தாழக் குனிந்தார்.

ஒருவர் குனிந்தால் எதிரில் இருப்பவர் குனியாமல் இருக்க முடியுமா? அது யோசித்துச் செய்கிற காரியமில்லை, முதுகெலும்பே செய்துவிடும். எதற்கு மன்னிப்பு என்று புரியாமலே தோமோனோவும் இகராஷியும் இடுப்பிலிருந்து குனிந்தார்கள். இரண்டு பெரிய தலைகளும் இரண்டு பெரிய மார்புகளும் முன் இருக்கைகளின் இடைவெளிக்குள் வந்தன. முன்சக்கரங்கள் தரையைக் கவ்வின. மெஜிரோ சட்டென்று திரும்பியது.

நத்சுயோ மூச்சை விட்டாள். பிறகு உதட்டை அசைக்காமல் சொன்னாள்:

“இப்ப பேச்சைக் கேட்டுது. அடுத்த வளைவுலயும் குனிங்க, சுகயா-சான்.”

சுகயாவின் மூளை அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தது. தான் பின்பக்கம் குனிந்தால் ஐம்பத்திரண்டு கிலோவில் பாதி பின்னால் போகிறது. அவர்கள் குனிந்தால் நூற்று எண்பத்திரண்டில் பாதி முன்னால் வருகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம். அரைகுறை லாபம்தான், ஆனால் அது போதும். குனிவதற்கு ஒரு காரணம் மட்டும் வேண்டும். காரணமில்லாமல் குனிந்தால் பைத்தியம் என்று நினைப்பார்கள், பதில் குனிவு கிடைக்காது.

மூன்றாவது வளைவில், இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்ததற்காக இகராஷிக்கு நன்றி சொன்னார். நான்காவதில், இருக்கை சிறியதாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டார். அப்புறம், முதலாளி முன்பே சொல்லியிருந்தபடி, இகராஷியின் இரண்டாவது மகன் கல்லூரியில் சேர்ந்ததற்குப் பாராட்டு. முதலாளியின் மனைவிக்குப் பித்தப்பைக் கல் கரைந்ததற்குச் சந்தோஷம். ஒவ்வொரு குனிவுக்கும் பின்னாலிருந்து முழுசாகப் பதில் வந்தது. இகராஷி நாகரிகம் தெரிந்த மனிதர், ஒரு குனிவுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தார். நீள வளைவுகளுக்கு அது ரொம்ப உதவியாக இருந்தது. நம்ம சுகயாவுக்குள் இவ்வளவு பண்பு இருப்பது இத்தனை வருஷமாகத் தெரியவில்லையே என்று தோமோனோ விருந்தாளியிடம் பெருமைப்பட்டார்.

பாதி மலையில் இன்னொரு சோதனை. இரண்டு பெட்டி விலாங்கு வேலை செய்ய, இகராஷி தூங்கிவிட்டார். தூங்குகிறவர் குனிவாரா? வளைவு நெருங்கியது. சுகயா தொண்டை கிழிய, இகராஷி-சான், நகோயாவில் தாங்கள் செய்யும் சேவைக்கு என்று கத்தினார். இகராஷி திடுக்கிட்டு விழித்து, என்ன ஏது என்று தெரியாமலே, பழக்கத்தில் குனிந்தார். வண்டி திரும்பியது. நத்சுயோவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று சுகயா பயந்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

உச்சி நெருங்க நெருங்கக் காரணங்கள் வற்றிவிட்டன. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தன் மிதிபலகை ஒன்று கிறீச்சிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். தனக்குக் கல்யாணம் செய்துவைத்ததற்கு நன்றி சொன்னார். அதை அவருக்குச் செய்துவைத்தது வேறு யாரோ. தோமோனோ அதற்கும் குனிந்தார். கடைசி வளைவில் வெறுமனே, இன்றைக்கு நல்ல வெயில் ஐயா, நன்றி என்றார். வெயிலுக்கும் முதலாளிதான் பொறுப்பு என்பதுபோல் தோமோனோ கம்பீரமாகக் குனிந்து ஏற்றுக்கொண்டார். மெஜிரோ நிற்காமல் கணவாயின் உச்சிக்கு வந்து, தேநீர்க் கடையின் முன்னால் பொரிந்து ஓய்ந்தது.

முதலாளியும் விருந்தாளியும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தோமோனோ வண்டியின் கூரையைத் தட்டிக்கொடுத்தார். அவர் முகத்தில் சிறுபிள்ளைச் சிரிப்பு. கடைக்காரம்மாவிடம் எல்லோருக்கும் குச்சியில் குத்திச் சூடாகத் தரும் கொன்யாகுக் கிழங்குப் பண்டமும் இஞ்சி போட்ட இனிப்புக் கஞ்சியும் சொல்லிவிட்டு, சுகயாவின் பக்கம் திரும்பி, வசந்தத்தில் கடைக்கு வருகிறது, நாளைக்கே தகரத்தை அழுத்தும் அச்சுகளுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். இகராஷி முதல் நூறு வண்டி எனக்கு என்றார்.

சுகயா மூன்று வருஷமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தைகள். கேட்டதும் சந்தோஷம்தான், பொய் சொல்ல வேண்டியதில்லை. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனம் ஓடிப் பார்த்துவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ ஒன்று முள்ளாக உறுத்தியது. எஞ்சின் மூடியைத் திறந்து ஆறவைக்கிற சாக்கில் வண்டியின் பின்பக்கம் போனார். நத்சுயோ அங்கே நின்றுகொண்டு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியதில் உள்ளங்கை சிவந்திருந்தது.

“நான் எப்படியோ ஓட்டிட்டேன்,” என்றாள். “வாங்குறவங்க வண்டியில ஒவ்வொரு வளைவுக்கும் யாரு உக்காந்து குனியப் போறாங்க? நீங்களா?”

சுகயா எஞ்சின் மூடியைத் திறந்து வைத்தார். யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் சீட்டுப் பணம் சேர்த்து மெஜிரோ வாங்குவார். முதல் ஞாயிற்றுக்கிழமை மாமனாரையும் மாமியாரையும் பின்னால் மரியாதையாக உட்கார வைத்துக்கொண்டு மலைக்கோயிலுக்குப் புறப்படுவார். இளம் மனைவி முன்னால். இரண்டாவது வளைவு. தேவதாருவின் உச்சி. சுகயாவுக்கு அந்த ஆசிரியரின் முகம்கூடத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி பிறக்கும், திறந்தால் கொட்டகையில் மரப்பெட்டி. உரலுக்குள் தலையை விட்டாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டு முதலாளி இருந்த பெஞ்சுக்குப் போனார்.

“ஐயா, வண்டி கணவாயைத் தாண்டலைங்க.”

தோமோனோ சுற்றுமுற்றும் பார்த்தார். “அப்ப நாம எங்கப்பா உக்காந்திருக்கோம்?”

“நீங்க ரெண்டு பேரும் குனிஞ்சதாலதான் வண்டி திரும்புச்சு. இல்லைன்னா ரெண்டாவது வளைவுலயே கீழ போயிருப்போம். நான் குனிஞ்சது மரியாதைக்கு இல்லைங்க. உங்க கனத்தை முன்னால கொண்டுவர்றதுக்கு.”

கொன்யாகுக் குச்சி இகராஷியின் வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது.

“என் பையன் காலேஜ்ல சேர்ந்ததுக்குச் சொன்னீங்களே?”

“அதுவும் வளைவுக்காகத்தாங்க. ஆனா சந்தோஷம் நெஜம்.”

தோமோனோ கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் நிறுவனத்தில் நானூறு பேர். நானூறு பேரும் அவருடைய உடம்பைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் மனைவிகூட ‘கம்பீரம்’ என்றுதான் சொல்வாள்.

“நான் கனமா, சுகயா?”

“ஆமாங்க ஐயா. இந்த வண்டிக்கு ரொம்பக் கனம். தப்பு உங்க மேல இல்லை. நான் புத்தகத்துல இருக்கற ஆளுக்கு வண்டி செஞ்சுட்டேன். பின்னால உக்கார்ற ஆளுக்குச் செய்யலை.”

கடைக்காரம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள். இகராஷிதான் முதலில் பேசினார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. வாங்குகிறவன் மாமனாரைப் பின்னால்தான் உட்கார வைப்பான், மாமனார்கள் ஒல்லியாக இருந்து நான் பார்த்ததில்லை என்றார். இதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று தோமோனோ கேட்டார். பெட்ரோல் தொட்டியும் மின்கலமும் மாற்றுச் சக்கரமும் முன்னால் போக வேண்டும், பின்னிருக்கை ஒரு சாண் முன்னே வர வேண்டும், பின்வில்லைப் புதிதாக வரைய வேண்டும், எடை கூடும், ஒரு வருஷம் ஆகும் என்றார் சுகயா. எடை கூடும் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நத்சுயோ திரும்பிப் பார்த்தாள்.

வசந்தம் என்று சொல்லிவிட்டேனே என்றார் முதலாளி. வசந்தத்துக்கு முடியாதுங்க என்றார் சுகயா. தோமோனோவிடம் இப்படி முகத்துக்கு நேராக மறுத்துப் பேசியவர்கள் அந்த ஊரில் குறைவு. தாண்டாவிட்டால் கொட்டகை மரப்பெட்டிக்கு என்றும் சொன்னேன், தாண்டவில்லை என்று நீயே சொல்கிறாய் என்றார் தோமோனோ. ஆமாங்க என்றார் சுகயா. காரைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தோமோனோ எழுந்தார். மெதுவாக வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு முன்கதவைத் திறந்து, தொப்பியைக் கழற்றி, ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் தம்மை மடக்கி மடக்கி இறக்கினார். முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்தன. விருந்தாளி எதிரில், ஒரு முதலாளி, வழி கேட்கிறவனும் கதவு திறக்கிறவனும் உட்காருகிற இடத்தில். இகராஷி பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார்.

“சுகயா, நீ பின்னால ஏறு. நத்சுயோவுக்கு நேர் பின்னால,” என்றார் தோமோனோ.

முதலாளி மறுபடி இறங்கி வழிவிட வேண்டியிருந்தது. சுகயாவும் இகராஷியும் பின்னால் நுழைந்தார்கள், அவர் மறுபடி மடங்கி உட்கார்ந்தார், யாரும் சிரிக்கவில்லை. மெஜிரோ இறக்கத்தில் உருண்டது. நத்சுயோ முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு அழகாகத் திரும்பியது. தோமோனோ குழந்தை மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பின்னால் சுகயாவின் நிலைமை வேறு. தான் வரைந்து, தான் செய்து, தான் சோதித்த வண்டியில், ஓடும்போது அவர் பின்னிருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. எஞ்சின் முதுகெலும்புக்குள் குடிவந்ததுபோல் இருந்தது. விசிறியின் ஊளை பல்லில் ஏறியது. கித்தான் வழியாகச் சூடு வந்தது, எண்ணெய்ப் புகை தொண்டையைக் கீறியது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவருடைய வழுக்கைத் தலை அவருடைய சொந்தப் பிளாஸ்டிக் கூரையில் இடித்தது. மூச்சு விடக் கண்ணாடியைத் தள்ளப் பார்த்தால், பின்பக்கக் கண்ணாடி திறக்காது. அதில் அவர்தான் அறுநூறு கிராம் மிச்சம் பிடித்திருந்தார்.

“பின்னால எப்படி இருக்கு?” என்று தோமோனோ திரும்பாமலே கேட்டார்.

காலையில் கேட்டிருந்தால் ரொம்ப வசதி என்றிருப்பார்.

“முதுகு வேகுதுங்க ஐயா. காது அடைக்குது. தலை இடிக்குது. மனுஷன் உக்கார்ற இடமே இல்லைங்க இது.”

ஒரு வளைவு போயிற்று.

“ஏறும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது,” என்றார் தோமோனோ. “நீ மூணு வருஷம் பாடுபட்டிருக்க, மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லலை.”

“எனக்கும்தான்,” என்றார் இகராஷி, கண்ணை மூடியபடி. “எனக்கு இடது கால் இருக்கா இல்லையான்னே இன்னும் தெரியலை.”

“ஒரு வருஷம் எடுத்துக்க. வாரத்துக்கு ஒரு நாள் நான் வந்து பின்னால உக்கார்றேன். வலிச்சா வலிக்குதுன்னு சொல்றேன்,” என்றார் தோமோனோ.

சுகயா சரிங்க ஐயா என்றார். நல்ல வேளையாக எஞ்சின் சத்தத்தில் அவர் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. நத்சுயோ மட்டும் கண்ணாடியில் பார்த்தாள், பார்க்காத மாதிரி கியரை மாற்றினாள்.